மருமகனின் காருக்கு ஒரு கிளட்ச்



மதரஸாவில் ஓதிக்கொடுப்பவருக்கும் காரின் கிளட்ச்சுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்களில் சிலர் வியக்கக்கூடும். நம் அத்தா பொள்ளாச்சியில் லாரிப் பட்டறை நடத்தியவர். பள்ளி விடுமுறை நாட்களில் தேய்ந்த கிளட்ச் பிளேட்டிலிருந்து பழைய பேசிங்கைப் பெயர்த்தெடுத்து, புதியதை வைத்து ரிவெட் அடிப்பது நமக்கு ஒதுக்கப்பட்ட வேலை. அந்நாளையப் பேசிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. தூசியை வாயால் ஊதித் தள்ளுவோம். அதன் தீங்கைப் பட்டறையில் எவரும் அறிந்திருக்கவில்லை. பின்னர் நாம் ஓதப் போனோம். பட்டறையும் கைமாறிப் போயிற்று. ஆயினும் குடும்பத்தில் எவர் வண்டி பழுதானாலும் முதலில் நம்மிடம் வந்து சொல்லும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

அப்படித்தான் சென்ற ஆண்டு நம் அக்காவின் மகன் வந்தான். கணினித் துறையில் பணி. வாரத்தில் இரண்டு நாட்கள் கோவை அலுவலகம், மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே வேலை. ஐவேளைத் தொழுகையை விடாத பிள்ளை. அதே அளவு காரையும் விடாத பிள்ளை. தன் சம்பாத்தியத்தில், வட்டிக் கடன் எதுவும் வாங்காமல், ஸ்கோடா லாரா விஆர்எஸ் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருந்தான். 2011-இல் இந்தியச் சந்தைக்கு வந்த கார் அது. 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 160 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, கையால் மாற்றும் ஆறு கியர். அது போதவில்லை என்று எஞ்சினை ஆளும் கணினியின் கணக்குகளை மாற்றி எழுதும் 'ரீமேப்' வேலையைச் செய்துகொண்டான். தாளில் 210 குதிரைத்திறனும் 330 நியூட்டன் மீட்டரும் வந்தன. மூன்று மாதத்தில் கிளட்ச் வழுக்கத் தொடங்கிற்று.

வழுக்குதல் என்றால் என்ன என்பதை வண்டி ஓட்டாத வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த இரும்புச் சக்கரம் பிளைவீல். அதன் முகத்தின் மீது கிளட்ச் பிளேட்டை, ஸ்பிரிங்கின் வலிமையால் பிரஷர் பிளேட் இறுக அழுத்திப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடியின் வழியாகத்தான் எஞ்சினின் ஆற்றல் கியர் பெட்டிக்குச் செல்கிறது. பெடலை மிதித்தால் பிடி தளரும், விட்டால் இறுகும். எஞ்சின் தரும் முறுக்குவிசை இந்தப் பிடியை மீறிப்போனால், பெடலை முழுமையாக விட்ட பின்னும் பிளேட் நழுவிச் சுழலும். எஞ்சின் சுழற்சி காட்டும் முள் துள்ளி ஏறும். வண்டியின் வேகமோ ஏறாது. கருகிய வாடை வரும். நான்காவது, ஐந்தாவது கியரில், 2,000 சுழற்சியளவில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் இந்த நோய் முதலில் தலைகாட்டும். பொள்ளாச்சிச் சாலையில் ஒரு பேருந்தை முந்தும்போது இது நேர்ந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். மருமகனுக்கு நேர்ந்தது. எதிரே வந்த வண்டி ஒதுங்கியதால் தப்பினான், அல்ஹம்துலில்லாஹ்.

அவன் நம்மிடம் முதலில் கேட்டது கிளட்ச்சைப் பற்றியன்று. நண்பர் ஒருவர் அவனுக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார். ரீமேப்பை நீக்கிப் பழைய கணக்கையே ஏற்றிவிட்டால் முறுக்குவிசை 250-க்கு இறங்கிவிடும். தேய்ந்த கிளட்ச்சும் அதைத் தாங்கிக்கொள்ளும். ஓட்டிப் பார்க்க வருபவருக்கு ஒன்றும் தெரியாது. சட்டென்று விற்றுவிடலாம் என்பது யோசனை.

"மாமா, அது கூடுமா?" என்று கேட்டான்.

"நீயே சொல். ஓட்டிப் பார்க்க வருகிறவனிடம் நீ எதைக் காட்டப் போகிறாய்?" என்றோம்.

பதில் இல்லை. விற்கும் பொருளில் உள்ள குறையை அறிந்தே மறைப்பது கூடாது என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு இல்லை. அப்படி வாங்கியவர் குறையைக் கண்ட பின் பொருளைத் திருப்பித் தரும் உரிமைக்குக் 'கியாருல் ஐப்' என்று பிக்ஹு நூல்களில் தனிப் பெயரே உண்டு. அந்தப் பாடத்தை மாணவர்களுக்கு நடத்தும்போதெல்லாம் மாட்டையும் அடிமையையும் உதாரணம் காட்டும் பழைய கிதாபுகளைத்தான் புரட்டுவோம். இப்போது கிளட்ச் வழுக்கும் காரைச் சொல்கிறோம்; பிள்ளைகளுக்கு உடனே விளங்குகிறது. குறையைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்பதில் தடையொன்றும் இல்லை. அதை மருமகனிடம் சொன்னோம். அவன் விற்க விரும்பவில்லை. ஆகவே சரி செய்வது என்று முடிவாயிற்று.

இனி எதைப் போடுவது என்ற கேள்வி. கோவைப் பட்டறை ஒன்றில் அவனுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆறு கட்டிகள் பதித்த செராமிக் கிளட்ச் பிளேட், வலுவேற்றிய பிரஷர் பிளேட், எடை குறைத்த ஒற்றைப் பிளைவீல். "இதைப் போட்டா ஐந்நூறு நியூட்டன் மீட்டர் வந்தாலும் அசையாதுங்க" என்று உறுதியும் கூறியிருந்தார்கள். அந்த உறுதியில் பொய்யில்லை. ஆனால் அந்தக் காருக்கு ஐந்நூறு வரப்போவதில்லை.

கிளட்ச்சின் பிடியைக் கணக்கிடுவது கடினமன்று. உராய்வின் அளவு, அழுத்தும் விசை, பிளேட்டின் நடுவட்ட ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் பெருக்கினால் போதும். எடுத்துக்காட்டாக, ஆர்கானிக் எனப்படும் வழக்கமான பேசிங்கின் உராய்வை 0.3 என்றும், அழுத்தும் விசையை 6,000 நியூட்டன் என்றும், ஆரத்தை 10 செ.மீ. என்றும் கொள்வோம். முகங்கள் இரண்டு. பெருக்கினால் 360 நியூட்டன் மீட்டர் வரும். ஸ்பிரிங்கின் வலிமையைக் கால் பங்கு கூட்டினால் அதே பேசிங் 450 தாங்கும். ஸ்பிரிங்கைத் தொடாமல், 0.45 அளவு உராய்வுள்ள செராமிக் கட்டிகளைப் போட்டால் 540 வந்துவிடும்.

தாளில் பார்த்தால் செராமிக்தான் வெல்கிறது. மருமகன் அந்த இடத்திலேயே நின்றுவிட்டான். ஆனால் கிளட்ச்சுக்கு வேலை இரண்டு. ஓடும்போது இறுகப் பிடிப்பது ஒன்று. புறப்படும்போது சிறிது சிறிதாக வழுக்கிக்கொண்டே பிடிப்பது மற்றொன்று. முழுவட்டமாக அமைந்த ஆர்கானிக் பேசிங் இந்த இரண்டாவது வேலையை மென்மையாகச் செய்யும். செராமிக் கட்டிகளோ பிடித்தால் முழுப் பிடி, விட்டால் முழு விடுதலை. இடைநிலை மிகக் குறைவு. வண்டி குலுங்கிப் புறப்படும். நெரிசலில் நகர்ந்து நகர்ந்து நின்றால் நடுங்கும். அந்தக் குலுக்கல் அத்தனையும் கியர் பெட்டிக்கும் சக்கரங்களுக்குச் செல்லும் ஆக்சிலுக்கும் போய்ச் சேரும். பந்தயத் தடத்தில் இது ஒரு பொருட்டன்று. அங்கே புறப்படுவது ஒரு முறைதான். கெவ்லார் என்ற இன்னொரு வகையும் உண்டு. மென்மையாகப் பிடிக்கும், நெடுநாள் உழைக்கும்; ஆனால் பழக்கும் காலம் நீண்டது, ஒருமுறை மிகையாகச் சூடேறினால் முகம் பளபளத்துப் பிடியிழந்துவிடும். இளைஞர் கையில் அதைக் கொடுக்க நமக்கு மனமில்லை.

இதற்கிடையில் அவனிடம் வேறொரு கணக்கையும் போட்டுக் காட்டினோம். அன்று அவன் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும்.

கிளட்ச்சை வருத்துவது குதிரைத்திறன் அன்று, முறுக்குவிசை. இரண்டும் ஒன்றல்ல. முறுக்குவிசையை நிமிடச் சுழற்சியால் பெருக்கி ஏறக்குறைய 7,023-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் கிடைக்கும். அவன் கார் 2,500 சுழற்சியில் 330 நியூட்டன் மீட்டர் தருகிறது. அப்போது அதன் திறன் 117 குதிரைகள்தாம். கிளட்ச் வழுக்குவது அந்த இடத்தில். அவன் பெருமையோடு சொல்லும் 210 குதிரைகள் வருவதோ 5,500 சுழற்சியில். அதற்கு 270 நியூட்டன் மீட்டர் போதும். ஆகவே கீழ்ச் சுழற்சியில் முறுக்குவிசையை 300-க்குள் அடக்கி, மேலே இருப்பதை அப்படியே விடும்படி ரீமேப் செய்தவரிடம் கேட்டால், 210 குதிரைகளில் ஒன்றும் குறையாது. கிளட்ச்சின் சுமை மட்டும் குறையும்.

"இத யாருமே சொல்லலயே மாமா" என்றான். கணக்கைப் போட்டுக் காட்டினால் விற்பனை குறையும் இடத்தில் கணக்கு வெளியே வருவதில்லை.

அடுத்தது பிளைவீல். அந்தக் காரில் தொழிற்சாலையிலேயே வருவது இரட்டைப் பிளைவீல். இரண்டு கனத்த பாகங்கள். அவற்றிடையே வளைந்த நீண்ட ஸ்பிரிங்குகள், கிரீஸ். எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் எழுப்பும் அதிர்வை அது உள்ளேயே விழுங்கிக்கொண்டு, கியர் பெட்டிக்குச் சீரான சுழற்சியை அனுப்புகிறது. நாள்பட்டால் ஸ்பிரிங்குகள் தளரும். நிறுத்தும்போதும் எடுக்கும்போதும் 'கடகட' ஓசை வரும். விலையும் அதிகம். லேத்தில் கொடுத்து முகம் சீவிச் சரிசெய்யும் பொருளும் அன்று. இதனால் பலர் அதைக் கழற்றிவிட்டு, ஒரே பாகமான ஒற்றைப் பிளைவீலுக்கு மாறுகிறார்கள். மாறுவதில் நன்மை இல்லாமல் இல்லை. எடை குறைவதால் எஞ்சின் சட்டென்று சீறும். முறுக்குவிசை மிகுந்தாலும் உடைய ஸ்பிரிங் இல்லை. ஆனால் அதிர்வை விழுங்குவாரில்லை. நியூட்ரலில் நிற்கும்போது கியர் பெட்டிக்குள் பல்லோடு பல் மோதும் சலசலப்பு கேட்கும். பெடலை மிதித்தால் நின்றுவிடும். ஒற்றைப் பிளைவீல் போடுபவர் நடுவில் ஸ்பிரிங் வைத்த கிளட்ச் பிளேட்டைப் போட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரட்டைப் பிளைவீலுக்குரிய ஸ்பிரிங் இல்லாத பிளேட்டை ஒற்றையின் மேல் ஏற்றினால் அதிர்வைத் தடுக்க எங்குமே ஸ்பிரிங் இல்லாமல் போகும். மருமகன் வாங்கவிருந்த பட்டியலில் அந்தப் பிளேட்டுக்கு ஸ்பிரிங் உண்டா இல்லையா என்ற குறிப்பே இல்லை.

எடை குறைந்த பிளைவீல் புறப்படும்போது இன்னொரு துன்பத்தைத் தரும். கனத்த சக்கரம் சுழலும்போது ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கிறது. கிளட்ச்சை விடும் அந்தக் கணத்தில் சேமித்ததைக் கொடுத்து வண்டியை நகர்த்துகிறது. சக்கரம் மெலிந்தால் சேமிப்பும் மெலிந்துவிடும். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 40. வளைவில் எதிரே பேருந்து வந்தால் ஏற்றத்திலேயே நின்று, ஏற்றத்திலேயே புறப்பட வேண்டும். செராமிக் பிளேட்டும் மெலிந்த பிளைவீலும் உள்ள கார் அங்கே ஒவ்வொரு முறையும் அணையும், அல்லது சீறிப் பாயும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சற்று விரித்தே எழுத வேண்டியிருக்கிறது. கோவை லேத்துகளின் ஊர், வார்ப்பாலைகளின் ஊர். எதைக் கேட்டாலும் கடைந்து தருவார்கள். கைத்திறனிலும் குறை சொல்ல முடியாது. மருமகனின் நண்பர் வட்டத்தில் ஒருவர் பழைய வார்ப்பிரும்புப் பிளைவீலை லேத்தில் கொடுத்து மூன்று கிலோ சீவி எடுத்து மாட்டியிருந்தார். செலவு சொற்பம். ஆனால் 28 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் 6,500 சுழற்சியில் சுழன்றால் அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 340 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சுழற்சி இருமடங்கானால் அதைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை நான்கு மடங்காகும். வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் கண்டால் சிதறும். சிதறும் இடம் ஓட்டுபவரின் பாதங்களுக்கு அருகில். உருக்குக் கட்டியிலிருந்து அந்தக் காருக்கென்றே செய்து, சமநிலை பார்த்து, சோதித்து விற்கப்படும் பிளைவீல்கள் இருக்கின்றன. ஒற்றைக்கு மாறத்தான் வேண்டுமென்றால் அதை வாங்குங்கள்; வாங்க இயலாவிட்டால் உள்ளதோடு இருங்கள். உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று மேடையில் பேசுகிறோம். அந்த நண்பரிடமும் நேரில் சொன்னோம். அவர் சிரித்தார். அவர் அத்தாவிடமும் சொன்னோம், பிறகு கழற்றினார்.

இவ்வளவு பேசியும் மருமகனின் உள்ளம் செராமிக்கை முழுமையாக விடவில்லை. அவன் செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே தடத்தில் இரண்டு முறை ஓட்டியவன். அங்கே கண்ட கார்கள் அவன் கண்ணில் நின்றன. முடிவைச் செய்தவர் அக்காதான்.

மச்சான் வபாத்தான பின் நாற்பத்தெட்டாம் வயதில் ஓட்டுநர் உரிமம் எடுத்தவர் அக்கா. வீட்டில் இருப்பது இந்த ஒரு கார். நம் அம்மாவைக் கண் சிகிச்சைக்குக் கோவைக்கு அழைத்துச் செல்வதும், பேத்தியைப் பள்ளியில் விடுவதும் அவர்தான். இடது முழங்காலில் தேய்மானம். பட்டறைக்கார நண்பர் செராமிக் போட்ட காரை ஒரு ஞாயிறன்று கொண்டுவந்தபோது, "நானும் ஓட்டிப் பாக்கறேன்" என்றார் அக்கா. தெருமுனைக்குள் மூன்று முறை அணைந்தது. நான்காம் முறை குதித்துப் புறப்பட்டது. திரும்பி வந்து சாவியை மகன் கையில் வைத்தார்.

"இந்த வண்டி உனக்குத்தான் கண்ணு. எனக்கு நீ மாசம் ரெண்டு தடவ லீவு போட்டு நன்னிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரு."

கோபமில்லாமல் சொன்னார். அவர் வாழ்வில் யாரையும் எதிர்பாராமல் வெளியே போகும் வழி அந்தப் பெடல் ஒன்றுதான் என்பது பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது போலும். அன்று மாலை மஃரிபுக்குப் பின் நம் வீட்டுக்கு வந்து, "மாமா, அம்மா கால் தாங்கற மாதிரி எது இருக்கு?" என்று கேட்டான்.

இருந்தது. சாக்ஸ் நிறுவனத்தின் வலுவேற்றிய பிரஷர் பிளேட், முழுவட்ட ஆர்கானிக் பிளேட், தொழிற்சாலை வகையிலேயே புதிய இரட்டைப் பிளைவீல். இரட்டைப் பிளைவீலுக்கு ஏற்ப, ஸ்பிரிங் இல்லாத பிளேட்டையே தேர்ந்தோம். பெடல் முன்னைவிடச் சிறிது கனத்தது உண்மை. அக்கா தாங்கும் அளவுதான். பையனின் இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. பட்டறையில் கிரெடிட் கார்டுத் தவணை காட்டினார்கள். வட்டியைச் சொன்னதும் அவனே மறுத்து, இரண்டு மாதம் காரை நிறுத்தி வைத்துப் பணம் சேர்த்தான். கேட்டவுடன் நமக்கு மகிழ்ச்சியாக இருந்தது, அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

பொருத்தும் நாளில் உடன் இருந்தோம். கியர் பெட்டியை இறக்குவதுதான் பெருங்கூலி; இறக்கியபின் சில்லறைப் பொருட்களில் மிச்சம் பிடிப்பது மடமை. ரிலீஸ் பேரிங், கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல், பிளைவீல் போல்ட்டுகள் யாவும் புதியவை. அந்தப் போல்ட்டுகள் இறுக்கும்போது நீளும் வகை; ஒருமுறை கழற்றியவற்றை மீண்டும் போடலாகாது. புதிய பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருவேறாமலிருக்கப் பூசிய எண்ணெயைப் பணியாளர் துடைக்காமல் எடுத்தார். பிரேக் கிளீனரால் துடைக்கச் சொன்னோம். எண்ணெய் பட்ட பேசிங் முதல் நாளிலேயே நடுங்கத் தொடங்கிவிடும். போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கினார்கள். நம் அத்தா அப்படித்தான் இறுக்குவார்.

முதல் 1,000 கிலோமீட்டருக்கு ஊருக்குள் மெதுவாக, கியர் மாற்றி மாற்றி ஓட்டிப் பேசிங்கைப் பழக்க வேண்டும். முழு ஆக்சிலேட்டர் கூடாது. அந்த ஓட்டத்தில் பெரும்பகுதியை அக்காவே ஓட்டினார். காய்கறி வாங்கவும், பள்ளிக்கும், ஒருநாள் அம்மாவை அமர்த்திக்கொண்டு ஆழியார் அணை வரைக்கும். ரீமேப் செய்தவர் கீழ்ச் சுழற்சியில் முறுக்குவிசையை 290-க்குக் குறைத்துக் கொடுத்திருக்கிறார். எஞ்சினில் செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறோம். கடிதம் எழுதியாயிற்று, பதிலுக்குக் காத்திருக்கிறான்.

பழைய கிளட்ச் பிளேட்டை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, எந்த நாளில், எத்தனையாவது கிலோமீட்டரில், ஏன் மாற்றினோம் என்பதைத் தாளில் எழுதி உடன் வைத்திருக்கிறான். ரீமேப்பின் விவரமும் அதிலேயே இருக்கிறது. என்றேனும் கார் கைமாறினால் அந்தப் பெட்டி வாங்குபவருக்குப் போகும்.